துப்புக்கூலி

வா தம்பி, இப்படி உக்காரு. பாகிஸ்தான் காகுல் ராணுவப் பள்ளியில அணிவகுப்பு முடிச்சு, தோள்ல ஒத்தை நட்சத்திரம் குத்திக்கிட்டு வந்திருக்கே, நல்லா இரு. துப்பாக்கி பிடிக்க, வரைபடம் பாக்க, விறைச்சு நிக்க எல்லாம் அங்க சொல்லிக் குடுத்திருப்பாங்க. பொழைக்க மட்டும் சொல்லிக் குடுத்திருக்க மாட்டாங்க. அதுக்கு என்னைய மாதிரி பல்லு போன கிழவன் வேணும். உனக்குத் தமிழ் தெரியாது, எனக்கு உருது தெரியாது. ஆனா காவக்காரன் கூலி பேசுற பேச்சு எந்தச் சீமையிலயும் ஒண்ணுதேன். புரிஞ்சுக்குவே.

எங்க தென்சீமையில துப்புக்கூலின்னு ஒரு வழக்கம் இருந்துச்சு. ராத்திரி தொழுவத்துல கட்டுன மாடு விடியக்காலம் இருக்காது. மாட்டுக்காரன் போலீசுக்குப் போக மாட்டான், நாலு ஊரு தள்ளி ஒரு ஆளைப் போய்ப் பாப்பான். அந்த ஆளு தாடையைச் சொறிஞ்சுக்கிட்டே, "விசாரிச்சுப் பாக்கலாம், செலவாகுமே"ன்பான். கூலி கைமாறுன மறுநாளு மாடு ஊரெல்லைக் கருவ மரத்துல கட்டிக் கிடக்கும். களவாண்டவன் யாரு, துப்புச் சொன்னவன் யாருன்னு ஒருத்தரும் வாயைத் தொறக்க மாட்டாங்க. ரெண்டு பேரும் ஒரே பந்தியில கறிச்சோறு தின்னதை ஊரே பாத்திருக்கும்.

உங்க பெரியவங்க இந்தத் தொழிலை எங்கயோ கொண்டுபோயிட்டாங்க தம்பி, அதுக்கு என்னோட கும்பிடு. உங்க முஷரஃப் 2006ல தன் கதையைப் புத்தகமாப் போட்டாரே, அதுல கணக்கே குடுத்திருக்காரு: அல்-கொய்தா ஆளுங்க 689 பேரைப் பிடிச்சோம், 369 பேரை அமெரிக்காக்காரன் கையில ஒப்படைச்சோம், பரிசுப் பணமா மில்லியன் கணக்குல டாலர் வந்துச்சுன்னு. எங்க ஊர்ல துப்புக்கூலி வாங்குனவன் எவனும் அதை அச்சடிச்சு வித்ததில்ல. அந்த விசயத்துல நாங்க பின்தங்கிட்டோம்.

இந்தக் கணக்குல வராம போன ஒரு உருப்படி உன் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துலயே இருந்துச்சு. அபோட்டாபாத்துல, காகுல்லேருந்து ஒரு மைல்கூட இருக்காது, மூணு மாடி வீடு. ஆள் உயரத்துக்கு மூணு மடங்கு மதிலு, போன் கிடையாது, வீட்டுக் குப்பையை வெளிய போடாம உள்ளயே எரிப்பாங்க. வருசக்கணக்கா அப்படி ஒரு வீடு இருந்திருக்கு, ஒருத்தருக்கும் சந்தேகம் வரலை. 2011 மே 2 ராத்திரி அமெரிக்க ஹெலிகாப்டர் வந்து இறங்கி பின்லேடனைச் சுட்டுத் தூக்கிட்டுப் போன பிற்பாடுதேன் அக்கம்பக்கமே முழிச்சுச்சு. எங்க ஊர்ல பக்கத்து வீட்டுல கருவாடு பொரிச்சா மூணு தெரு தள்ளி மூக்கைச் சுளிக்கிறாங்க. உங்க ஊர்ல எல்லாருக்கும் சளி போல.

சரி, தொழிலுக்கு வருவோம். உன் மூலதனம் எதுன்னு தெரிஞ்சுக்க. டாங்கி இல்ல, ஏவுகணை இல்ல, அந்த அணுகுண்டுகூட இல்ல. நீ நிக்கிற இடம். ஒரு பக்கம் ஆப்கானிஸ்தான், அதுக்கு அங்கிட்டு பழைய சோவியத்து, ஒரு பக்கம் ஈரான், தலைமாட்டுல சீனா, கிழக்கால நாங்க. பெரிய நாட்டுக்காரன் ஒருத்தனை ஒருத்தன் முறைக்கணும்னா உன் வாசல்ல நின்னாத்தேன் தோதுப்படும். 1954ல சீட்டோ, மறுவருசம் பாக்தாத் ஒப்பந்தம்னு ரெண்டுலயும் உங்க ஆளுங்க ஓடிப்போய்க் கையெழுத்துப் போட்டது அதுக்குத்தேன். பெஷாவர் பக்கம் படபேர்ல அமெரிக்காக்காரன் ஒட்டுக்கேக்க நிலையம் போட்டான். 1960 மே 1ஆந் தேதி பெஷாவர்லேருந்து கிளம்புன யூ-2 உளவு விமானத்தை ரஷ்யாக்காரன் சுட்டுத் தள்ளுனான். குருச்சேவ் கோவத்துல, "வரைபடத்துல பெஷாவரைச் சிவப்பு வட்டம் போட்டு வச்சிருக்கோம்"னு மிரட்டுனாரு. வாடகை வந்தது ராவல்பிண்டி தலைமையகத்துக்கு, வட்டம் விழுந்தது பெஷாவர்க்காரன் தலையில. இந்த ஒண்ணை மனசுல பதிச்சுக்க. உங்க நாட்டுச் சரித்திரத்துல பாதி இதுக்குள்ள அடங்கிரும்.

வாடகைக்கு வர்றவன் உனக்காகச் சண்டை போடுவான்னு மட்டும் நினைச்சுராதே. 1965ல எங்களோட நீங்க மோதுனப்ப அமெரிக்கா ஆயுதத்தையே நிறுத்திருச்சு. 1971 ஜூலையில கிஸ்ஸிங்கருக்கு வயித்துவலின்னு ஊரெல்லாம் சொல்லிப்புட்டு, இஸ்லாமாபாத்லேருந்து பீஜிங்குக்குக் கமுக்கமா அனுப்பி வச்சது உங்க யாஹியா கான். அம்புட்டுப் பெரிய உபகாரம். அதே வருசம் டிசம்பர்ல டாக்காவுல 93,000 பேரு கையைத் தூக்குனப்ப, அமெரிக்காவோட எண்டர்பிரைஸ் கப்பல் வங்கக்கடல் வரைக்கும் வந்து எட்டிப் பாத்துட்டுப் போச்சு. வயித்துவலிக்கு வழி சொன்னவனுக்குத் தலைவலி வந்தப்ப தைலம்கூடத் தடவலை.

பேரம் பேசுறதுக்கு ஒரு குரு வேணும்னா ஜியா-உல்-ஹக்கை வச்சுக்க. 1979 டிசம்பர்ல சோவியத்துப் படை காபூலுக்குள்ள வந்துச்சு. அடுத்த மாசமே அமெரிக்க அதிபர் கார்ட்டர், "40 கோடி டாலர் தர்றோம்"னாரு. ஜியா என்ன சொன்னாரு தெரியுமா? "இது வெறும் நிலக்கடலை"ன்னு ஒதுக்கிட்டாரு. கார்ட்டர் ஜார்ஜியாவுல கடலைச் சாகுபடி பண்ணுற குடும்பம் தம்பி! நானும் ரெண்டு ஏக்கர் மானாவாரியில கடலை போட்டவன்தேன். கடலைக்காரன்கிட்டயே போய் "கடலைக் காசு"ன்னு சொல்ல எம்புட்டுத் தெனாவெட்டு வேணும்! ஒரு வருசம் பொறுத்தாரு. ரீகன் வந்தாரு, ஆறு வருசத்துக்கு 320 கோடி டாலர், மேலாக்க எஃப்-16 விமானம். எட்டு மடங்கு. விதைச்ச கடலை எட்டு மடங்கு வெளைஞ்சா நான் குலசாமிக்குக் கிடா வெட்டிருவேன்.

ஆனா அந்தக் கதைக்கு ஒரு வால் இருக்கு, அதையும் கேட்டுக்க. 1989 பிப்ரவரியில சோவியத்துப் படை வீட்டுக்குப் போச்சு. மறுவருசமே அமெரிக்காவுக்குத் திடீர்னு கண்ணு தெரிஞ்சு, "ஏய், நீ அணுகுண்டு செய்யுறே"ன்னு உதவியை வெட்டிட்டான். அதுவரைக்கும் வருசா வருசம் "இவங்ககிட்ட குண்டு இல்ல"ன்னு சான்றிதழ் குடுத்த அதே அமெரிக்காதேன். நீங்க காசு கட்டியிருந்த 28 எஃப்-16 விமானமும் அரிசோனா பாலைவனத்துல வெயில் காஞ்சுச்சு. பணத்தைத் திருப்பிக் கேட்டுக் கேட்டு, 1998ல ஒரு வழியாத் தீர்வு வந்தப்ப ஒரு பகுதிக்கு ரொக்கம், மிச்சத்துல கோதுமையும் சேர்ந்துச்சு. வானத்துல பறக்கக் கேட்டவனுக்கு ரொட்டி சுட மாவு.

இதுலேருந்து உங்க பெரியவங்க ஒரு பாடம் கத்துக்கிட்டாங்க. களவு நின்னா கூலியும் நின்னுரும். பக்கத்து நாட்டுல தீ அணையவும் விடக்கூடாது, உன் கூரைக்குத் தாவவும் விடக்கூடாது. அந்த அளவுல வச்சுக் காய்ச்சத் தெரிஞ்சவன்தேன் ஜெனரல். இதுக்குத் தளபதி அஸ்லம் பேக் காலத்துல "வியூக ஆழம்"னு ஒரு பட்டுத்துணி போத்துனாங்க. இந்தியாக்காரன் தள்ளுனா பின்னாடி போய் நிக்க ஆப்கான் மண்ணு வேணுமாம். 1994ல தாலிபான் தலையெடுத்தப்ப உள்துறை மந்திரி நசீருல்லா பாபர், "எங்க பசங்க"ன்னு மடியில தூக்கி வச்சுக் கொஞ்சுனாரு. 1997ல அவங்க ஆட்சியை ஒத்துக்கிட்ட நாடு உலகத்துலயே மூணுதேன்: நீங்க, சவுதி, அமீரகம்.

2001ல நியூயார்க்ல ரெட்டைக் கோபுரம் விழுந்துச்சு. பசங்க ஒரே ராத்திரியில பகையாளி ஆனாங்க. தாலிபானோட தூதர் ஜயீஃபு, உங்க தலைநகரத்துலயே விருந்தாளியா இருந்த மனுசன், அவரைப் பிடிச்சு அமெரிக்காக்காரன் கையில குடுத்தீங்க. அவரு குவாண்டநாமோவுல வருசக்கணக்காக் கிடந்தாரு. பஷ்தூன்காரன் உயிரைக் குடுத்தாவது விருந்தாளியைக் காப்பான்னு நீங்களே பெருமையாச் சொல்லிக்குவீங்க. அதே கையால, தாலிபான்ல ஹக்கானி கூட்டத்துக்கு மட்டும் பந்தி நிக்காமப் பாத்துக்கிட்டீங்க. 2011ல அமெரிக்கத் தளபதி மல்லன் செனட்டுல நின்னு, "அந்தக் கூட்டம் உளவுத்துறை ஐஎஸ்ஐயோட ஒரு கை"ன்னே சொல்லிப்புட்டாரு. 2016ல தாலிபான் தலைவர் முல்லா மன்சூர் டிரோன் அடிச்சுச் செத்தது பலுசிஸ்தான் ரோட்டுல, பக்கத்துல கிடந்தது உங்க நாட்டுப் பாஸ்போர்ட்டு, வேற பேருல. 2018 பொங்கலுக்கு முந்தியே, ஜனவரி 1ஆந் தேதி காலையில டிரம்ப்பு எழுதுனாரு: 3,300 கோடி டாலர் குடுத்தோம், பொய்யைத் தவிர வேற ஒண்ணும் கிடைக்கலைன்னு. அம்புட்டுக் காசு குடுத்தவனுக்கு, துப்புச் சொன்னவனையும் களவாண்டவனையும் ஒரே பந்தியில பாத்தப்ப வந்த கோவம் அது.

இப்ப நான் உனக்குச் சொல்ல வந்த முக்கியமான புத்திமதி: ஜெயிச்சுட்டோம்னு டீ குடிக்கப் போகாதே. போனாலும் படம் பிடிக்கிறவன் இருக்கிற இடத்துக்குப் போகாதே.

2021 ஆகஸ்ட் 15ஆந் தேதி காபூல் விழுந்துச்சு. மறுநாளு உங்க இம்ரான் கான், "அடிமைச் சங்கிலியை உடைச்சுட்டாங்க"ன்னு வாழ்த்துப் பாடுனாரு. செப்டம்பர் முதல் வாரம் ஐஎஸ்ஐ தலைவர் ஃபைஸ் ஹமீது காபூல் செரீனா ஓட்டல்ல வந்து நிக்கிறாரு. கோட்டு போட்டு, கையில டீக்கோப்பை, மூஞ்சியில மாப்பிள்ளை வீட்டுக்காரன் சிரிப்பு. பத்திரிகைக்காரப் பொண்ணு ஒண்ணு இனி என்ன ஆகும்னு கேக்குது. "கவலைப்படாதீங்க, எல்லாம் சரியாயிரும்"ங்கிறாரு. டீயும் நீங்களும் தம்பி! 2019ல பிடிபட்ட எங்க விமானி அபிநந்தனுக்கு ஒரு கோப்பை குடுத்து, அதை உலகத்துக்கே படம் போட்டுக் காட்டுனீங்க. காபூல் கோப்பைக்குத்தேன் விலை கூடிப்போச்சு. பிற்பாடு உங்க வெளியுறவு மந்திரி இஷாக் தாரே அந்த ஒரு கோப்பை டீ நம்மளுக்கு எம்புட்டு நட்டம்னு புலம்புனாரு. டீ குடிச்ச ஃபைஸு ஹமீதை 2024 ஆகஸ்டுல உங்க ராணுவமே பிடிச்சு கோர்ட் மார்ஷல்ல நிறுத்துச்சு. வழக்கு வேற விசயத்துக்கு. டீக்குன்னு தனியா வழக்கு இன்னும் போடலை.

ஏன் நட்டம்? களவாண்டவன் இப்ப தனிக்குடித்தனம் போயிட்டான். காபூல்ல ஆட்சி அவன் கையில. உனக்குன்னு பங்கு குடுக்க அவனுக்கு என்ன அவசியம்? 2017லேருந்து பாடுபட்டு எல்லையில வேலி போட்டீங்க, அவன் ஆட்சிக்கு வந்த வருசமே நங்கர்ஹார் பக்கம் முள்கம்பிச் சுருளை உருட்டிவிட்டு வீடியோ எடுத்துப் போட்டான். 1893ல மார்ட்டிமர் டியூரண்டு கிழிச்ச கோடு அது. காபூல்ல மன்னரு ஆண்டாரு, கம்யூனிஸ்டு ஆண்டான், முஜாஹிதீன் ஆண்டான், அமெரிக்கா வச்ச ஆளு ஆண்டாரு, தாலிபான் ரெண்டு தடவை ஆண்டாச்சு. இவங்க அம்புட்டுப் பேரும் ஒத்துப்போன ஒரே விசயம் அந்தக் கோட்டை ஒத்துக்கிறதில்லைங்கிறதுதேன். 1947ல உங்களை ஐ.நா.வுல சேக்க வேண்டாம்னு ஒத்தை ஓட்டுப் போட்டதே ஆப்கானிஸ்தான். மதம் ஒண்ணா இருந்தா வரப்புச் சண்டை வராதுன்னு உனக்கு யாருப்பா சொன்னது?

"நல்ல தாலிபான், கெட்ட தாலிபான்"னு உங்க ஆளுங்க பிரிச்சு வச்சாங்க. அவன் காபூலைச் சுட்டா நல்லவன், பெஷாவரைச் சுட்டா கெட்டவன். 2007 டிசம்பர்ல பைத்துல்லா மெஹ்சூது கூட்டிச் சேத்த தெஹ்ரீக்-இ-தாலிபானுக்கு இந்தப் பாகப்பிரிவினை புரியலை. 2014 டிசம்பர் 16ஆந் தேதி பெஷாவர் ராணுவப் பள்ளிக்கூடத்துக்குள்ள புகுந்து 130க்கு மேல பச்சைப் பிள்ளைகளைக் கொன்னாங்க. இந்த இடத்துல நான் கேலி பேசலை தம்பி. பேசவும் கூடாது. அதே வருசம் நடந்த ராணுவ நடவடிக்கையில வடக்கு வசீரிஸ்தான்லேருந்து லட்சக்கணக்கான சனம் மூட்டை முடிச்சோட பன்னு பக்கம் வந்து கிடந்துச்சு. குண்டு போடுறவன் ரெண்டு பக்கமும் உண்டு, கூலி ஒரு பக்கம்தேன், பிணம் மட்டும் எப்பவும் பஷ்தூன் வீட்டுல. இதைக் கேட்ட மன்சூர் பஷ்தீன் மாதிரி பையன்களை நீங்க துரோகின்னு உள்ள வைக்கிறீங்க. கேள்வி கேட்டவன் கெட்டவன், துப்பாக்கி தூக்குனவனோட மட்டும் பேச்சுவார்த்தை. 2022ல காபூல்ல ஹக்கானியையே நடுவுல உக்கார வச்சு அந்தத் தெஹ்ரீக்கோட பேசுனீங்களே, அந்த வருசம் நவம்பர்லயே போர்நிறுத்தம் புட்டுக்கிச்சு.

பெயர் வைக்கிறதுல மட்டும் உங்களை மிஞ்ச ஆளில்ல. 2024ல தெஹ்ரீக்குக்கு "ஃபித்னா அல்-கவாரிஜ்"னு பேரு மாத்துனீங்க. மறுவருசம் பலூச்சுக் கூட்டத்துக்கு "ஃபித்னா அல்-ஹிந்துஸ்தான்". பட்டியல்ல எங்க பேரையும் சேத்ததுக்குச் சந்தோசம். பெத்த பிள்ளைக்கு அடுத்தவன் இனிசியலைப் போட்டா வளத்த செலவு மிச்சம்.

2025 அக்டோபர்ல கூத்து உச்சத்துக்குப் போச்சு. காபூல்ல வெடிச்சத்தம், எல்லையில துப்பாக்கிச் சண்டை, ஸ்பின் போல்டாக்குல பிணம். தோஹாவுல கத்தாரும் துருக்கியும் உக்காந்து 19ஆந் தேதி போர்நிறுத்தம் பண்ணி வச்சாங்க. டோர்கம் வாசலையும் சாமன் வாசலையும் சாத்துனாங்க, லாரியெல்லாம் ரெண்டு பக்கமும் வரிசை கட்டி நின்னுச்சு, ஆப்கான் காய்கனி வண்டியிலயே அழுகுச்சு. உங்க சந்தையில தக்காளி கிலோ உங்க காசுக்கு 600 ரூபாய் வரைக்கும் ஏறிப்போச்சு. வெவசாயி சொல்றேன், குறிச்சு வச்சுக்க. வியூக ஆழம்னு முப்பது வருசமா உங்க ஜெனரலுங்க அளந்தாங்களே, அது ஒரு தக்காளி ரசம் வைக்கிற ஆழங்கூட இல்ல.

இதுக்கு ஏறக்குறைய ஒரு மாசம் முந்தி, செப்டம்பர் 17ஆந் தேதி, ரியாத்துல சவுதியோட ஒப்பந்தம். ஒருத்தரை அடிச்சா ரெண்டு பேரையும் அடிச்ச மாதிரின்னு எழுத்து. ஆப்கான்காரன் அடிச்சப்ப சவுதிக்கு வலிச்சுச்சா? "ரெண்டு பேரும் பொறுமையா இருங்க"ன்னு அறிக்கை வந்துச்சு. சீட்டோ காலத்துலேருந்து இதேதேன். சீனாக்காரனாவது சரக்கு குடுக்கிறான், 2020-24ல நீங்க இறக்குமதி பண்ணுன ஆயுதத்துல 81 சதவீதம் அவனோடதுன்னு ஸ்டாக்ஹோம்ல கணக்கெடுக்கிற சிப்ரி சொல்லுது. ஆனா அவன் துப்புக்கூலி குடுக்கிற ரகம் இல்ல. கடன் குடுத்து வட்டி கேக்குற ரகம். தாசுலயும் பிஷாம்லயும் அவன் ஊரு பொறியாளருங்க குண்டுவெடிப்புல செத்ததுக்கப்புறம் முகத்துல சிரிப்பும் கொறைஞ்சுபோச்சு.

அட, மறந்துட்டேனே, பழைய வாடிக்கை திரும்பி வந்துருச்சு! 2025 மார்ச்சுல காபூல் விமான நிலையக் குண்டுவெடிப்புல தேடுன ஷரிஃபுல்லாவைப் பிடிச்சு ஒப்படைச்சீங்க. அமெரிக்க நாடாளுமன்றத்துல நின்னு டிரம்ப்பு உங்களுக்கு நன்றி சொன்னாரு. அதே டிரம்ப்புதேன், 2018 ஜனவரிக்காரரு. ஒரு மாடு கருவ மரத்துல கட்டிக் கிடந்துச்சு, பழசெல்லாம் மறந்துபோச்சு. ஜூன்ல உங்க ஃபீல்டு மார்ஷல் ஆசிம் முனீருக்கு வெள்ளை மாளிகையில மத்தியானச் சாப்பாடு. சாப்பிட்ட கையோட உங்க அரசாங்கம் டிரம்ப்புக்கு அமைதி நோபல் குடுக்கணும்னு எழுதுச்சு. எழுதுன மை காயுறதுக்குள்ள அவரு ஈரான்ல குண்டு போட்டாரு. அது பாவம் மையோட தப்பு. செப்டம்பர்ல பெட்டி நிறையக் கல்லைக் கொண்டுபோய், "எங்க மண்ணுல கனிமம் இருக்கு"ன்னு காட்டுனீங்க. இடத்தை வாடகைக்கு விட்டு முடிஞ்சுது, இனி தோண்டி விக்க வேண்டியதுதேன்.

எங்க டில்லிக்காரங்களை நினைச்சுச் சிரிக்காதே. அவங்களும் லேசுப்பட்டவங்க இல்ல. 1999ல கந்தகார்ல எங்க விமானத்தை நிறுத்தி வச்சப்ப பக்கத்துல காவல் நின்னவங்க தாலிபான். அதே கூட்டத்து வெளியுறவு மந்திரி முத்தாக்கி 2025 அக்டோபர்ல டில்லிக்கு வந்து பேட்டி குடுத்தப்ப பொம்பளை நிருபருங்களை உள்ள விடலை. எங்க ஊர்லயே! கேட்டா, பகையாளிக்குப் பகையாளின்னு கணக்கு. அந்தக் கணக்கைப் போட்டுப் போட்டுத்தேன் நீங்க இந்த நெலமைக்கு வந்தீங்கன்னு எங்க ஆளுங்ககிட்டச் சொல்ல ஒருத்தன் வேணும். நான் சொன்னா, "பெருசு, டீயைக் குடிச்சுட்டுப் போ"ன்னுருவாங்க.

நீ பயப்படாதே, உன் பொழப்புக்குக் கொறைவு வராது. ராணுவத்தோட ஃபௌஜி பேருல உரம் இருக்கு, சிமெண்டு இருக்கு, காலையில பாலூத்தித் திங்கிற சோளப்பொரி வரைக்கும் இருக்கு. மனை வாங்க டிஃபென்ஸ் காலனி இருக்கு. ஐஎம்எஃப் வாசல்ல இருபது தடவைக்கு மேல துண்டு விரிச்ச நாடு, 2025-26 பட்ஜெட்டுல மொத்தச் செலவைக் கொறைச்சுட்டு ராணுவத்துக்கு மட்டும் 20 சதவீதம் கூட்டுச்சு. பிரதம மந்திரி எவரும் அஞ்சு வருசம் முழுசா இருந்ததில்ல. ஆனா தளபதிங்கள்ல பல பேருக்குக் காலநீட்டிப்பே கிடைச்சிருக்கு. எந்த வேலை நிரந்தரம்னு பாத்துச் சேந்திருக்கே, கெட்டிக்காரன்.

அதுலயும் 2025 நவம்பர்ல 27ஆவது திருத்தம்னு ஒண்ணு கொண்டுவந்தாங்க பாரு, அதுதேன் எல்லாத்துக்கும் மகுடம். முப்படைக்கும் மேல ஒரு பதவி, ஃபீல்டு மார்ஷலுக்கு ஆயுசுக்கும் சீருடை, ஆயுசுக்கும் வழக்கு கிடையாது. சட்டம்னா அப்படி எழுதணும். ஒரே ஒரு கொறை. அந்தத் தெஹ்ரீக்குத் தலைவன் நூர் வலி மெஹ்சூது இருக்கான்ல, காபூல்ல வெடிச்ச அன்னைக்குச் செத்துட்டான்னு நீங்க நினைச்சு, ஒரு வாரத்துல வீடியோவுல வந்து தாடியைத் தடவுனானே அவனேதேன், அவன் கைக்கு இந்தச் சட்டம் இன்னும் போய்ச் சேரலை போல. எல்லைக் காவலுக்குத்தேன் உன்னைய மொதல்ல அனுப்புவாங்க. போகும்போது ஒரு நகல் எடுத்துட்டுப் போ. டோர்கம் வாசல் சாத்திக் கிடந்தா, தக்காளி லாரிக்காரன்கிட்டக் குடுத்துவிடு.